இன்றைய பரு, இரண்டு மாதத்துக்கு முந்தைய செய்தி: முகப்பரு பற்றிய தவறான நம்பிக்கைகளும் சிகிச்சைக்கான முழு வழிகாட்டியும்

காலையில் கண்ணாடி முன் நின்று பல் துலக்கும்போது கன்னத்தில் புதிதாக ஒரு பரு தெரிகிறது. உடனே விசாரணை தொடங்கிவிடும். நேற்று இரவு சாப்பிட்ட சாக்லேட்டா? முகம் கழுவாமல் படுத்ததா? தலையணை உறை அழுக்கா? ஐந்து நிமிடத்தில் ஒரு குற்றவாளியைப் பிடித்துவிடுவோம். அநேகமாக ஒவ்வொரு முறையும் பிடிபடுவது நிரபராதிதான்.

ஏனென்றால் அந்தப் பரு நேற்று பிறந்ததல்ல. மயிர்க்காலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு அடைப்பாகத் தொடங்கி, வெளியே தலைகாட்டும் அளவுக்கு வளர அதற்கு எட்டு வாரம் வரை ஆகும். இதற்கு மறுபக்கமும் உண்டு. சாதாரணச் சீழ்ப்பரு, நாம் எதுவுமே செய்யாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். அந்த நாட்களில் எதைத் தடவினோமோ, புகழ் அதற்குப் போய்ச் சேர்ந்துவிடும். வாய்வழியாகப் பரவும் கைவைத்தியங்களில் பெரும்பகுதி இப்படிப் பெயர் வாங்கியவைதான். பழியும் புகழும் இடம் மாறி விழுவதற்குக் காரணம் ஒன்றே: நாம் நாள்கணக்கைப் பார்ப்பதில்லை.

நான் மருத்துவர் அல்ல. பத்தாண்டுக்கு மேல் பருவோடு வாழ்ந்து, செய்யக்கூடாத ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது செய்துபார்த்து, பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டவன். படித்ததைச் செய்யவேண்டிய வரிசையில் தருகிறேன்.

முதல் படி: உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன்கள் கூடும்போது அந்தச் சுரப்பிகள் பெரிதாகி எண்ணெயை அதிகம் சுரக்கின்றன. ஆண்ட்ரோஜன் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல, பெண்களின் உடலிலும் சுரக்கிறது. அதே சமயத்தில் மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரவேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் செல்களும் சேர்ந்து துளையை அடைக்கின்றன. காற்றுப் புகாத அந்த எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. இது வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல, பரு உள்ளவர், இல்லாதவர் எல்லோருடைய தோலிலும் எப்போதும் குடியிருப்பது. உடலின் எதிர்ப்பாற்றல் அதோடு மோதும்போது சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம் வருகின்றன; இதற்குத்தான் அழற்சி என்று பெயர்.

எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி. இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எந்த மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் இவற்றில் எதை அது தாக்குகிறது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பழைய நம்பிக்கைகளைச் சற்றே தட்டிப் பார்ப்போம். அழுக்கு சேர்ந்ததால் பரு வருகிறது என்பதுதான் இருப்பதிலேயே பெரிய பொய். அடைப்பு தோலின் மேற்பரப்பில் இல்லை, துளைக்குள் இருக்கிறது; சோப்பு அங்கே எட்டாது. கரும்புள்ளியின் கறுப்பைக் காட்டி ‘இதோ அழுக்கு’ என்பார்கள். துளை திறந்திருப்பதால் உள்ளிருக்கும் பொருள் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அதிலுள்ள மெலனின் நிறமியும் சேர்ந்து கறுப்பாகத் தெரிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாததே அதற்குச் சான்று. துளை மூடியிருந்தால் அதே அடைப்பு தோல் நிறத்திலோ வெண்மையாகவோ சிறு மேடாக நிற்கும்.

மூக்கின் மேல் வரிசையாகத் தெரியும் சாம்பல் நிறப் புள்ளிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து அவற்றைப் பிதுக்கி எடுப்பவர்களை எனக்குத் தெரியும். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன். அவற்றில் பெரும்பாலானவை கரும்புள்ளிகளே அல்ல. எண்ணெய் மேலே வருவதற்கான இயல்பான வழிகள் அவை, எல்லோருக்கும் இருப்பவை. பிதுக்கினால் மெல்லிய நூல்போல வெண்மையாக வெளிவரும், சில வாரங்களில் மறுபடி நிரம்பிவிடும். இது நோய் அல்ல, சிகிச்சையும் தேவையில்லை.

‘ரத்தம் கெட்டுவிட்டது’, ‘உடம்பில் சூடு’ என்ற விளக்கங்களுக்கு மேலே சொன்ன நான்கில் இடமில்லை. பரு தொற்றாது, ஒருவருடைய துண்டைப் பயன்படுத்துவதால் வந்துவிடாது. திருமணமானால் போய்விடும் என்பதும் கதைதான். பலருக்குப் பரு தணியும் வயதும் திருமண வயதும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் அது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் புதிதாகப் பரு வரும் பெண்கள் ஏராளம். பரம்பரைக்கோ பெரிய பங்கு உண்டு: பிரிட்டனில் இரட்டையர்களை வைத்து நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில், ஆளுக்கு ஆள் பருவில் தெரியும் வேறுபாட்டில் 81 சதவீதத்துக்கு மரபணுக்களே காரணம் என்று கணித்தார்கள். பெற்றோருக்கு இளமையில் கடுமையான பரு இருந்திருந்தால், ‘நீ முகத்தைச் சரியாகக் கழுவுவதில்லை’ என்று பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை.

இரண்டாம் படி: அது பருதானா என்று பாருங்கள்

முகத்தில் வரும் எல்லா மேடும் பரு அல்ல. பருவுக்கு ஓர் அடையாளம் உண்டு: சிவந்த கட்டிகளுக்கு நடுவே கரும்புள்ளிகளோ மூடிய வெண்ணிற அடைப்புகளோ இருக்கும். பல நிலைகளில் உள்ளவை ஒரே முகத்தில் கலந்திருக்கும்.

அப்படி இல்லாமல், நெற்றியிலும் மார்பிலும் மேல்முதுகிலும் ஒரே அளவிலான சிறு சிறு பொரிகள் கூட்டமாக வந்து அரித்தால், அது மயிர்க்கால்களில் பெருகும் மலசேசியா என்ற பூஞ்சையாக இருக்கலாம். அரிப்புதான் இங்கே பெரிய துப்பு. இதற்குப் பருவுக்கான ஆன்டிபயாடிக் கொடுத்தால் கூடும், குறையாது. பூஞ்சைக்கான மருந்து வேண்டும். முப்பதைத் தாண்டியவருக்குக் கன்னமும் மூக்கும் அடிக்கடி சிவந்து எரிந்து, அடைப்பே இல்லாமல் கட்டிகள் மட்டும் வந்தால் ரொசேசியா என்ற வேறொரு நோயை நினைக்கவேண்டும். சவரம் செய்யும் இடத்தில் மட்டும் வந்தால், உள்நோக்கி வளர்ந்த முடியாக இருக்கலாம்.

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரைகள், மனநிலைக் கோளாறுக்குத் தரும் லித்தியம், வலிப்புக்கான சில மருந்துகள், அதிக அளவு வைட்டமின் பி12, உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்கப் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் ஊசிகள் ஆகியவை பருவைப்போன்ற கட்டிகளைக் கொண்டுவரும். கெட்டியான தலை எண்ணெயோ கிரீமோ நெற்றியில் வழிந்தால் முடியோரத்தில் மட்டும் பரு வரிசைகட்டும். தலைக்கவசத்தின் வார், முகக்கவசம் உராயும் இடங்களிலும் வரும். இவற்றுக்குக் காரணத்தை விலக்குவதுதான் முதல் மருந்து.

மூன்றாம் படி: இப்போது தடவிக்கொண்டிருப்பதை நிறுத்துங்கள்

எனக்குப் பதினாறு வயதில் மோவாயில் ஒரு பரு வந்தது. பற்பசை வைத்தால் இரவோடு இரவாக வற்றிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, நன்றாகக் கனமாக அப்பிக்கொண்டு படுத்தேன். காலையில் பரு அப்படியே இருந்தது. அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சிவந்து காய்ந்து உரிந்திருந்தது. பரு ஐந்து நாளில் போய்விட்டது. உரிந்த இடத்தில் விழுந்த பழுப்புக் கறை நான்கு மாதம் இருந்தது.

பற்பசை பல்லுக்காகச் செய்யப்பட்டது. எலுமிச்சைச் சாறு கடுமையான அமிலம். சமையல் சோடா காரம். நம் தோலின் மேற்பரப்போ சற்றே அமிலத்தன்மை கொண்டது. ஸ்பிரிட் தோலின் காப்புப் படலத்தையே கரைத்துவிடும். சொரசொரப்பான ஸ்கிரப்பைத் தேய்ப்பது வீங்கிய கட்டியின் மேல் உப்புத்தாள் போடுவது போலத்தான். இவற்றில் எதுவும் துளைக்குள் நடப்பதைத் தொடுவதில்லை, மேலே காயத்தை மட்டும் சேர்க்கிறது. மாநிறத்தவருக்கும் கறுத்த நிறத்தவருக்கும் இது இரட்டை நஷ்டம், ஏனெனில் எரிச்சல் ஏற்பட்ட இடமெல்லாம் கறையாக மாறும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் மேல்தான். பெட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று குழாயின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். சில நேரம் அதுகூட இருக்காது. நிறம் கூட்டும் கிரீம் என்றோ, கறை நீக்கும் கிரீம் என்றோ மட்டும் இருக்கும். தடவிய ஒரு வாரத்தில் சிவப்பு அடங்கி, முகம் பளபளக்கும். ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதால் வரும் பளபளப்பு அது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலியும், சிவந்த நுண் ரத்தக்குழாய்கள் மேலே தெரியும், முகத்தில் முடி வளரும், ஒரே மாதிரியான சிவந்த பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். நிறுத்தினால் முகம் தீப்பிடித்தது போல எரிவதால், பாதிக்கப்பட்டவர் மறுபடி அதையே தேடிப் போவார். இரண்டு மாதத்துக்கு மேல் இப்படி ஒன்றைத் தடவியிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திப் போராடவேண்டாம். தோல் மருத்துவரிடம் குழாயையும் எடுத்துக்கொண்டு போங்கள். மற்றவர்கள், முகத்துக்கு வாங்கும் எதிலும் பின்புறத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

நான்காம் படி: கழுவுவதைக் குறையுங்கள்

காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, வியர்த்துக் கொட்டினால் கூடுதலாக ஒருமுறை. மென்மையான ஃபேஸ் வாஷ், சாதாரணத் தண்ணீர், விரல் நுனிகள். வேறொன்றும் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கழுவியபின் முகம் இழுத்துப் பிடித்தாற்போல ‘கிறீச்’ என்று இருந்தால்தான் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இறுக்கம் காப்புப் படலம் போய்விட்டதன் அடையாளம்.

எண்ணெய் வடியும் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்பது நியாயமான கேள்வி. எண்ணெய் வேறு, ஈரம் வேறு. தடவும் பரு மருந்துகளில் பெரும்பாலானவை தோலை வறளச் செய்பவை. வறண்டு எரிந்தால் மூன்றாம் வாரத்திலேயே மருந்தைக் கைவிட்டுவிடுவீர்கள். மாய்ஸ்சரைசரின் உண்மையான வேலை அந்த மருந்தை நீங்கள் தாக்குப்பிடிக்கச் செய்வது. பிசுபிசுக்காத, ஜெல் வடிவிலான ஒன்று போதும். ‘நான்-காமிடோஜெனிக்’ என்ற சொல்லை அட்டையில் தேடுங்கள், ஆனால் அதைக் கடவுள் வாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். துளையை அடைக்காது என்று பொருள்தரும் அந்தச் சொல்லுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான வரையறை கிடையாது. எந்தெந்தப் பொருள் அடைக்கும் என்ற பழைய பட்டியல்களும் முயலின் காதில் தடவிப் பார்த்துத் தயாரிக்கப்பட்டவை. முயல் காது நம் முகத்தைவிட எளிதில் அடைத்துக்கொள்ளும்.

வெயில் பருவை உலர்த்தும் என்பதும் தவறு. தோல் கறுப்பதால் சிவப்பு மறைந்து சில நாள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். வெயில் கறைகளை ஆழமாக்கும். மருந்து போட்ட தோல் வெயிலுக்கு இன்னும் வேகமாகச் சிவக்கும். எனவே பகலில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் இந்தப் படியிலேயே சேர்ந்துவிடுகிறது.

ஒப்பனை செய்பவர்கள் அதைக் கைவிடவேண்டியதில்லை. இரவில் முழுமையாக அகற்றிவிட்டுப் படுத்தால் போதும்.

ஐந்தாம் படி: மருந்தைத் தேர்ந்தெடுத்து, முகம் முழுக்கத் தடவுங்கள்

தலைப்பிலேயே பாதிச் செய்தி இருக்கிறது. பரு தெரியும் இடத்தில் மட்டும் புள்ளி வைப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு. வெளியே தெரிவது முடிந்துபோன கதை. அடுத்த மாதம் வரப்போகும் பருக்கள் இப்போதே, பார்க்க நன்றாக இருக்கும் தோலுக்கடியில் அடைப்பாக உருவாகிக்கொண்டிருக்கின்றன. மருந்து அங்கே போகவேண்டும். பரு வழக்கமாக வரும் பகுதி முழுவதிலும் மெல்லியதாக, பரு இல்லாத நாட்களிலும் தடவவேண்டும்.

லேசான பருவுக்கும் நடுத்தரப் பருவுக்கும் இரண்டு மருந்துகள் முதுகெலும்பு.

முதலாவது பென்சாயில் பெராக்சைடு. பாக்டீரியாவைக் கொல்கிறது, அடைப்பையும் ஓரளவு இளக்குகிறது. எத்தனை ஆண்டு பயன்படுத்தினாலும் பாக்டீரியா இதற்குப் பழகிப்போவதில்லை என்பது இதன் தனிச் சிறப்பு. 2.5, 5, 10 சதவீதங்களில் வருகிறது. 10 சதவீதம் நான்கு மடங்கு வேலை செய்யும் என்று நினைத்து வாங்காதீர்கள். சீழ்ப்பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீதமும் ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது, எரிச்சல் மட்டும் குறைவு. இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: இது துணியை வெளுத்துவிடும். என் நீலநிறத் துண்டில் முகம் துடைத்த இடம் மட்டும் ஆரஞ்சாக மாறியபோது சலவைத் தூளைத்தான் சந்தேகித்தேன். வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள். குழாயை வெயிலில் நிற்கும் காரிலோ சூடான இடத்திலோ வைக்காதீர்கள், அதிக வெப்பத்தில் இது சிதைந்து பென்சீன் என்ற நச்சுப்பொருள் உருவாகும்.

இரண்டாவது அடாபலீன். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு. செல்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுத்து, அடைப்பு உருவாகும் இடத்திலேயே வெட்டுகிறது; அழற்சியையும் குறைக்கிறது. பருவின் வேரில் கைவைக்கும் மருந்து என்றால் தடவும் மருந்துகளில் இதைத்தான் சொல்வேன். 0.1 சதவீத ஜெல் அமெரிக்காவில் 2016 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. பல நாடுகளில் சீட்டு தேவை. கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதைத் தவிர்க்கவேண்டும்.

தடவும் முறையை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் தோற்பது இங்கேதான். இரவில் முகம் கழுவி, முழுமையாக உலரும்வரை பொறுங்கள், இருபது நிமிடம் ஆகட்டும். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு ஜெல் போதும். அதை விரல் நுனியில் எடுத்து நெற்றி, இரு கன்னங்கள், மோவாய் என்று சிறு புள்ளிகளாக வைத்துவிட்டு, பிறகு மெல்லப் பரப்புங்கள். கண்ணைச் சுற்றியும், மூக்கின் இரு மடிப்புகளிலும், உதட்டோரங்களிலும் வேண்டாம். அங்கேதான் முதலில் எரியும். மேலே மாய்ஸ்சரைசர் பூசுங்கள். எளிதில் எரியும் தோல் என்றால் மாய்ஸ்சரைசரை முதலில் பூசி, அதன் மேல் ஜெல்லைத் தடவலாம். முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை. அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் ஏற்றுக்கொண்டால் பிறகு தினமும்.

காலையில் பென்சாயில் பெராக்சைடு, இரவில் அடாபலீன். இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒன்றுக்கு முகம் பழகியபின் மற்றதைச் சேர்த்தால், எரிச்சல் வந்தாலும் எதனால் என்று தெரியும்.

சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் வரை கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. கரும்புள்ளிகளுக்கு உதவும், ஆனால் மேலே சொன்ன இரண்டின் அளவுக்குப் பலம் இல்லை. அசெலாயிக் அமிலம் 15 முதல் 20 சதவீதம் வரை வருகிறது. கறைகளையும் வெளுக்கச் செய்யும், கர்ப்ப காலத்திலும் பயன்படுத்தலாம் என்பதால் அந்த நேரத்தில் இதுவே கைகொடுக்கும்.

ஆறாம் படி: நாள்காட்டியில் பன்னிரண்டு வாரம் குறித்துவையுங்கள்

முதல் நான்கு வாரம் பெரும்பாலும் ஏமாற்றம்தான். தோல் காயும், உரியும். ஏற்கெனவே உள்ளே காத்திருந்த அடைப்புகள் சீக்கிரமாக மேலே வருவதால் சிலருக்குப் பரு கூடியதுபோலவும் இருக்கும். ‘எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று குழாயை வீசிவிட்டு அடுத்ததை வாங்குவது இந்தக் கட்டத்தில்தான். நான் ஓர் ஆண்டில் ஏழு கிரீம்களை இப்படி மாற்றியிருக்கிறேன். ஏழில் எது வேலை செய்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, எதற்கும் நான் அவகாசம் கொடுக்கவில்லை.

ஆறாவது, எட்டாவது வாரங்களில் புதிதாக வருபவை குறையத் தொடங்கும். பன்னிரண்டாவது வாரத்தில்தான் ஒரு மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமுடியும். முகம் வீங்குதல், கொப்புளம், தாங்கமுடியாத எரிச்சல் வந்தால் மட்டும் அன்றே நிறுத்துங்கள். பென்சாயில் பெராக்சைடுக்குச் சிலருக்கு உண்மையான ஒவ்வாமை உண்டு.

தினமும் கண்ணாடியில் எண்ணிக்கொண்டிருந்தால் எந்த மாற்றமும் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஜன்னலருகில், ஒரே நேரத்தில் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். முதல் படத்தையும் ஏழாவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏழாம் படி: சாப்பாட்டை அளவோடு சந்தேகியுங்கள்

‘உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை’ என்று மருத்துவ உலகம் பல ஆண்டுகள் சொல்லிவந்ததற்கு ஒரு காரணம் 1969-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு. 65 பேருக்குச் சாக்லேட்டையும், சாக்லேட் இல்லாத மாற்றுத் துண்டையும் கொடுத்துப் பார்த்து, வித்தியாசம் இல்லை என்றார்கள். ஆனால் அந்த மாற்றுத் துண்டிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவு இருந்தன. சோதித்தது சில வாரங்கள் மட்டுமே. இப்போதைய நிலை, ‘உணவுதான் காரணம்’ என்பதற்கும் ‘தொடர்பே இல்லை’ என்பதற்கும் நடுவில் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவைக் குறைத்தால் சிலருக்குப் பரு குறைகிறது. 2007-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், அப்படிச் சாப்பிட்ட இளைஞர்களுக்கு 12 வாரத்தில் பரு கூடுதலாகக் குறைந்தது. பால், குறிப்பாகக் கொழுப்பு நீக்கிய பால், பருவோடு சேர்ந்து காணப்படுவதாகப் பல கணக்கெடுப்புகள் சொல்கின்றன. பால்தான் காரணம் என்று அவற்றால் நிறுவமுடியவில்லை. பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பொடி தொடங்கியபின் பரு கிளம்பியதாகவும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

எனவே ஒரு பொருளைச் சந்தேகித்தால், அதை மட்டும் மூன்று மாதம் நிறுத்திப் பாருங்கள். மூன்று நாள் நிறுத்திப் பார்ப்பதில் பொருளில்லை. எண்ணெயில் பொரித்ததைத் தின்றால் அந்த எண்ணெய் முகத்தில் வழியும் என்று மட்டும் நினைக்காதீர்கள், வயிற்றிலிருந்து தோல் துளைக்கு அப்படியொரு குழாய் கிடையாது. தண்ணீர் நிறையக் குடித்தால் பரு கரையும் என்பதற்கும் ஆதாரமில்லை. தாகத்துக்குக் குடியுங்கள்.

எட்டாம் படி: கையை எடுங்கள்

பிதுக்கும்போது வெளியே வருவது பாதிதான். மீதி மயிர்க்காலின் சுவரைக் கிழித்துக்கொண்டு தோலுக்குள் பரவுகிறது. ஒரு வாரத்தில் அடங்கவேண்டியது பல வாரக் கட்டியாகிறது, பிறகு தழும்பாகிறது. பழக்கத்தை விடமுடியவில்லை என்றால் பருவின் மேல் ஒட்டும் சிறிய ஹைட்ரோகொலாய்டு ஸ்டிக்கரைப் போடுங்கள். அதன் மருத்துவப் பலனைவிட, விரல் நகத்துக்கும் பருவுக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்புவதுதான் அதன் பெரிய சேவை.

ஒன்பதாம் படி: மருத்துவரிடம் போகும் நேரத்தைத் தவறவிடாதீர்கள்

பன்னிரண்டு வாரம் ஒழுங்காகத் தடவியும் பலனில்லை. ஆழமான, வலிக்கும் கட்டிகள் வருகின்றன. குழிகள் விழத் தொடங்கிவிட்டன. அல்லது பருவால் மனம் ஒடுங்கி வெளியே போகவே பிடிக்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். ‘வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும்’ என்று காத்திருக்கும் காலத்தில் பரு போகலாம், குழி போகாது.

மருத்துவர் ஆன்டிபயாடிக் தரலாம். கிளிண்டாமைசின் ஜெல்லைத் தனியாகப் பயன்படுத்தினால் பாக்டீரியா விரைவில் அதற்குப் பழகிவிடும், எனவே பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே தடவவேண்டும். டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகள் பொதுவாக மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் நீளக்கூடாது. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது பெரிய தவறு. அந்த மாத்திரையை ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருங்கள். உணவுக்குழாயில் சிக்கினால் புண்ணாக்கிவிடும்.

பெண்களுக்கு மோவாயிலும் தாடையோரத்திலும், மாதவிடாய்க்கு முன் கூடும் பரு இருந்தால் ஹார்மோன் வழியிலான சிகிச்சைகள் உண்டு. சில வகைக் கருத்தடை மாத்திரைகளும் ஸ்பைரோனோலாக்டோனும் அவை. மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் முடியும் வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் பரிசோதனை தேவைப்படலாம், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது. ஆண்களுக்கு மார்பு வீக்கம் வரும் என்பதால் பருவுக்காகத் தருவதில்லை.

பிறகு ஐசோட்ரெட்டினாயின். இவ்வளவு பலன் தரும் ஒரு மருந்தைச் சுற்றி இவ்வளவு வதந்தி வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் 1982-இல் அனுமதி பெற்ற இந்த மாத்திரை, எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருங்கவைப்பதால் மேலே சொன்ன நான்கு காரணங்களையும் ஒருசேரத் தொடுகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம் என்பது வழக்கமான இலக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்குக் குறைந்தது 7,200 மில்லிகிராம். நாளுக்கு 40 மில்லிகிராம் என்றால் 180 நாள். இரண்டு மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது என்று நிறுத்துபவர்களுக்குப் பரு திரும்பி வருவதில் வியப்பில்லை.

கல்லீரல் போய்விடும் என்பது வதந்தி. ரத்தத்தில் கொழுப்பும் கல்லீரல் அளவுகளும் சிலருக்குக் கூடலாம் என்பதால்தான் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். கூடினால் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்பதும் வதந்தி. ஆனால் மருந்து உடலில் இருக்கும்போது கருவுற்றால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைபாடுகள் வரும் அபாயம் மிக அதிகம் என்பது வதந்தி அல்ல, உறுதியான உண்மை. எனவே பெண்கள் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்தி ஒரு மாதம் கழியும் வரையாவது கருத்தரிக்கக் கூடாது. மருந்து சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் கழியும் வரையும் ஆணோ பெண்ணோ ரத்ததானமும் கூடாது. உதடு ஏறக்குறைய எல்லோருக்கும் வெடிக்கும். லிப் பாம் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். மனச்சோர்வு பற்றிப் பெரிய அளவில் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில், பொதுவாக ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. என்றாலும் தனிப்பட்ட ஒருவருக்கு மனநிலை மாறினால் வீட்டாரும் கவனிக்கவேண்டும், மருத்துவரிடம் உடனே சொல்லவேண்டும். நண்பனிடம் மிஞ்சிய மாத்திரையை வாங்கிச் சாப்பிடக்கூடாத மருந்து ஒன்று உண்டென்றால் அது இதுதான். டாக்சிசைக்ளினையும் வைட்டமின் ஏ மாத்திரைகளையும் இதோடு சேர்க்கக்கூடாது.

பத்தாம் படி: கறை வேறு, தழும்பு வேறு, பருவுக்குப் பிந்தைய வேலை

பரு போன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். சமமாக இருந்தால் அது கறை. பள்ளமோ மேடோ தட்டுப்பட்டால் தழும்பு. பழுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும் கறை மாதங்களில் தானாக மங்கும். சன்ஸ்கிரீனும் அசெலாயிக் அமிலமும் அடாபலீனும் அதை விரைவுபடுத்தும். பள்ளத்தை எந்தக் கிரீமும் நிரப்பாது. ஊசியால் குத்தியதுபோன்ற குறுகிய ஆழமான குழிகளுக்கு ஒரு சிகிச்சை, அகன்ற அலைபோன்ற பள்ளங்களுக்கு வேறொரு சிகிச்சை என்று தோல் மருத்துவர் பிரித்துச் செய்வார்: அமிலப் புள்ளி வைத்தல், தோலுக்கடியில் இழுத்துப் பிடிக்கும் நார்களை விடுவித்தல், நுண்ணூசி, லேசர். புதுப் பருக்கள் நின்றபின் செய்வதே வழக்கம்.

முகம் தெளிந்ததும் பலர் செய்யும் கடைசித் தவறு, எல்லாவற்றையும் அன்றே நிறுத்துவது. சுரப்பிகளும் மரபணுக்களும் அப்படியேதான் இருக்கின்றன. அடாபலீனை மட்டுமாவது பல மாதங்கள் தொடருங்கள். தினமும் தடவியதை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, பிறகு வாரம் இருமுறையாக்கலாம். ஒருநாள் முற்றிலும் நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால், அன்றைக்குக் கண்ணாடியைப் பார்க்காதீர்கள். எட்டு வாரம் தள்ளி நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துவைத்துவிட்டு நிறுத்துங்கள், அன்று பாருங்கள்.